மருத்துவமனையில் முதியவர்கள் கீழே விழாமல் இருக்க: குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள்

வயதானவர்கள் அதிகம் படுத்திருக்கும் வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மூச்சுத்திணறலுக்கோ காய்ச்சலுக்கோ வந்து சேர்ந்தவர் தேறிவிடுவார், வீட்டுக்குப் போக இரண்டே நாள் இருக்கும், அந்த நேரத்தில் கழிவறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். இந்த வேலையில் எனக்கு இதைவிடப் பெரிய வேதனை இல்லை. பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் கட்டிலருகே நின்று என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவசரத்தில் முழுதாகச் சொல்ல முடியாமல் போன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் நன்றாக நடந்துகொண்டிருந்தாரே, இங்கே வந்து ஏன் விழுந்தார்?

வீட்டில் அவரைப் பாதி தூரம் கால் நடத்தியது, மீதித் தூரம் பழக்கம் நடத்தியது. எங்கே நிலைப்படி, எந்த இடத்தில் சுவரைப் பிடிக்கலாம், எத்தனை எட்டில் கழிவறை வரும் என்பதெல்லாம் இருட்டில்கூட உடம்புக்குத் தெரியும். இங்கே கட்டிலின் உயரம் வேறு. தூக்கக் கலக்கத்தில் கதவு எந்தப் பக்கம் என்றே புரியாது.

அதன்மேல் நோய் வந்து உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சல், உடம்பில் நீர் வற்றிப்போவது, சோடியம் குறைவது, ரத்தசோகை, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதது, பக்கத்துக் கட்டில் இருமலில் தூக்கம் கெட்டது, புதிதாக எழுதிய மாத்திரைகள், கையில் டிரிப்ஸ். இவற்றில் ஒன்றிரண்டு மட்டும் என்றால் சமாளித்திருப்பார். எல்லாம் ஒரே இரவில் சேர்ந்துகொள்வதால்தான் விழுகிறார்.

அதனால் 'கவனமாக நடக்கக் கூடாதா' என்று அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை தடுமாறினால் யாரிடமும் சொல்ல மாட்டார். நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கை அங்கேயே போய்விடும். இன்னொன்றும் உண்டு: சில நேரம் விழுவதுதான் புதிய நோயின் முதல் அறிகுறி. சிறுநீர்த் தொற்று, இதயத் துடிப்பில் கோளாறு, உள்ளே எங்கோ ரத்தக் கசிவு போன்றவை முதியவர்களிடம் இப்படித்தான் தலைகாட்டும். 'கால் தடுக்கியது' என்று சொல்லி முடித்துவிடாமல், ஏன் விழுந்தார் என்று மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும்.

இது அபூர்வமாக நடப்பதுதானே?

இல்லை. விபத்துக் காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான். ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

மருத்துவமனைக்குள் நடப்பதை 'படுக்கை நாள்' என்ற அளவில் கணக்கிடுவார்கள். ஒரு கட்டிலில் ஒருவர் ஒரு நாள் இருந்தால் அது ஒரு படுக்கை நாள். அமெரிக்க மருத்துவமனைகளில் 1,000 படுக்கை நாளுக்கு 3 முதல் 5 பேர் விழுகிறார்கள். 30 கட்டில் உள்ள வார்டு மாதம் முழுக்க நிரம்பியிருந்தால் அது 900 படுக்கை நாள், அதாவது ஏறக்குறைய வாரத்துக்கு ஒருவர். விழுபவர்களில் மூன்றில் ஒருவருக்காவது காயம் ஏற்படுகிறது.

எந்த நேரத்தில்தான் அதிகம் விழுகிறார்கள்?

யாரும் பார்க்காத நேரத்தில். பெரும்பாலும் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில், அல்லது கழிவறைக்குள்ளேயே. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பது என் எண்ணம்.

முதியவர்களால் சிறுநீரை நெடுநேரம் அடக்க முடியாது. உணர்வு வந்ததும் போயாக வேண்டும். ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் இருந்தால் இரவில் மூன்று நான்கு முறை எழுவார்கள். கால் வீக்கத்துக்கோ இதயத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருந்தால், விழுங்கிய சிறிது நேரத்தில் வேலை ஆரம்பித்துப் பல மணி நேரம் ஓடும். அந்த மாத்திரையின் இரண்டாம் வேளை மாலை தாமதமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நேரத்தை முன்னால் நகர்த்த முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரையின் நேரத்தை மாற்றியதில் இரவு முழுக்க நிம்மதியாகத் தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மலமிளக்கியோ எனிமாவோ கொடுத்த நாளும் அவசரம் நிறைந்த நாள்தான், அன்று கூடுதலாகக் கவனியுங்கள்.

'போக வேண்டுமா?' என்று அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் கேளுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பிறகு, நீர் மாத்திரை போட்ட பிறகு, இரவு விளக்கை அணைக்கும் முன்பு என்று சில நேரங்களை நிர்ணயித்து நீங்களே அழைத்துப் போய்விடுங்கள். இரவுக்கு ஆண்களுக்கு யூரின் கேன், பெண்களுக்குக் கட்டிலோரம் கமோடு நாற்காலி இருந்தால் அந்த ஆபத்தான நடையே தேவைப்படாது. கமோடு நாற்காலிக்குச் சக்கரம் இருந்தால், உட்கார வைக்கும் முன் பிரேக் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

கழிவறைக்குக் கூட்டிப்போய்விட்டு வெளியே நின்று போன் பார்ப்பது கூடாது. விழுவது உட்கார்ந்திருக்கும்போது அல்ல, எழுந்து திரும்பி உடையைச் சரிசெய்யும்போது. இரண்டு கையும் உடையில் இருக்கும், பிடிக்க எதுவும் இருக்காது. கைக்கு எட்டும் தூரத்தில் நில்லுங்கள். அவருக்குக் கூச்சமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், விலகிப் போக வேண்டாம். உள்தாழ்ப்பாள் போட விடாதீர்கள். இரவில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. நின்றபடி கழிக்கும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

'எழுந்திருக்கணும்னா மணி அடிங்க' என்று எத்தனை முறை சொன்னாலும் அடிப்பதில்லையே?

இதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்ததில் கிடைத்த காரணங்கள் வேறு. 'பாவம், அந்தப் பொண்ணு இப்பத்தான் உட்கார்ந்துச்சு, எதுக்குத் தொந்தரவு' என்றார் ஒரு அம்மா. இன்னொருவர், வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்றவர், பேத்தி வயதுப் பெண்ணிடம் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்லக் கூசினார். முந்தின நாள் மணி அடித்துப் பத்து நிமிடம் யாரும் வராமல் படுக்கை நனைந்து போனதால், அதன்பின் மணியையே தொடாதவர்களும் உண்டு. அந்தத் தவறு எங்கள் பக்கம்தான்.

வேறு சிலருக்குத் தங்கள் உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது தெரியாது. படுத்திருக்கும்போது பலவீனம் தெரிவதில்லை, எழுந்து நின்றால்தான் தெரியும். அப்போது கையில் மணி இருக்காது.

மணி எந்தக் கைக்கு எட்டும் என்று பாருங்கள். பக்கவாதத்தில் வலது கை வராதவருக்கு வலப்பக்கம் மணியைத் தொங்கவிட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அவரையே அழுத்தச் சொல்லி, விளக்கு எரிவதைக் காட்டுங்கள். பிறகு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் அப்பா, தலை இடித்தால் உள்ளே ரத்தம் கசியும். அதனால்தான் கூப்பிடச் சொல்கிறோம்.' வெறும் உத்தரவைவிட இது மனதில் நிற்கும். ஆஸ்திரேலியாவில் எட்டு மறுவாழ்வு வார்டுகளில், ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியாக உட்கார்ந்து அவருடைய ஆபத்து என்ன, என்ன செய்யலாம் என்று பேசி, ஊழியர்களுக்கும் பயிற்சி தந்து பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி விழுவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. நினைவு தெளிவாக உள்ளவர்களிடம் இது நன்றாகப் பலிக்கும். நினைவு தடுமாறுபவரிடம் எவ்வளவு பேசினாலும் மணியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

சேரும்போது ஏதோ மார்க் போட்டார்களே, அது என்ன?

பெரும்பாலும் மோர்ஸ் அளவுகோல். ஜானிஸ் மோர்ஸ் என்ற செவிலியர் ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1989-இல் வெளியிட்டது. அண்மையில் விழுந்திருந்தால் 25, வேறு நோயும் இருந்தால் 15, டிரிப்ஸ் ஏறினால் 20, கைத்தடியோ வாக்கரோ பிடித்தால் 15, மேசை நாற்காலியைப் பிடித்து நடந்தால் 30, நடை மோசமாகத் தளர்ந்திருந்தால் 20, தன்னால் முடியாது என்பதை மறந்து எழுபவர் என்றால் 15. கைத்தடி, மேசை நாற்காலி இரண்டில் ஒன்றுதான் கணக்கில் வரும், அதனால் அதிகபட்சம் 125. பல இடங்களில் 45-ஐத் தொட்டால் அதிக ஆபத்து என்று கையில் வண்ணப் பட்டை கட்டுவார்கள்.

மார்க் குறைவாக வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013 வழிகாட்டுதலிலேயே, இப்படி மார்க் போட்டு யார் விழுவார் என்று கணிப்பதை நம்ப வேண்டாம், 65 வயதைக் கடந்து உள்நோயாளியாகச் சேரும் எல்லோரையும் ஆபத்தில் இருப்பவராகவே கருதுங்கள் என்று சொன்னது. நானும் அந்தப் பக்கம்தான். மார்க்கைவிட, அந்த ஒருவருக்கு எது ஆபத்து, அதற்கு இன்று என்ன செய்தோம் என்பதே முக்கியம். 'அம்மாவுக்கு எத்தனை மார்க்?' என்று கேட்காமல், 'அம்மாவுக்கு நீங்கள் கண்ட ஆபத்துகள் எவை, என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள்.

மாத்திரைகளுக்கும் விழுவதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, மனநோய் மருந்து, மனச்சோர்வு மருந்து, வலிக்கு மார்பின் அல்லது டிரமடால், ரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் தரும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை. இவை ஒவ்வொன்றும் தள்ளாட வைக்கக்கூடியவை. வயதானவரின் சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை மெதுவாக வெளியேற்றுவதால், இரவு போட்டதன் கிறக்கம் மறுநாள் காலையிலும் நீடிக்கும்.

வீட்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளையும், கடையில் தானாக வாங்கியது உட்பட, உறையோடு கொண்டுவந்து காட்டுங்கள். 'இதில் தலைசுற்ற வைப்பது எது, குறைக்கவோ நிறுத்தவோ முடியுமா?' என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல வருடம் போட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் நடுக்கமும் குழப்பமும் வலிப்பும்கூட வரலாம். தூக்கம் வரவில்லை என்று அப்பா புலம்பும்போது, புதிதாக ஒரு தூக்க மாத்திரை எழுதும்படி நீங்களே கேட்கவும் வேண்டாம். இரவு விளக்கைக் குறைப்பதும் பகலில் உட்கார வைப்பதும் முதலில் செய்ய வேண்டியவை.

எழுந்தவுடன் கண் இருட்டுகிறது என்கிறார். என்ன செய்வது?

படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கும். இளம் உடம்பு நொடியில் ஈடுகட்டிவிடும், முதுமையில் தாமதமாகும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதை நோயாகவே கருதிக் கவனிப்பார்கள். படுத்தபடி ஒருமுறை, நின்றபடி ஒருமுறை அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். படுத்தபடி மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

எழுவதற்கு முன் படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் பத்து முறை அசைக்கச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் பிறகு உட்காரட்டும். கால் தரையில் படும்படி ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும். பேசிக்கொண்டே இருந்தால் அவர் முகம் வெளுப்பதும் பதில் தாமதிப்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். நின்ற பிறகும் நடக்கும் முன் ஐந்தாறு மூச்சு விடட்டும். தலை சுற்றினால் உடனே உட்கார வேண்டும், 'இதோ வந்துவிட்டது கழிவறை' என்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

பகலெல்லாம் தெளிவாக இருக்கிறார். இரவானால் 'வீட்டுக்குப் போகணும்' என்று எழுந்து ஓடப் பார்க்கிறார். புத்தி பேதலித்துவிட்டதா?

இல்லை. இதற்கு டெலிரியம் என்று பெயர். உடம்பில் நோய் இருக்கும்போது மூளை தற்காலிகமாகக் குழம்புவது. சில மணி நேரத்தில் வரும், ஏறி இறங்கும், பொழுது சாய்ந்ததும் கூடும். தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் கட்டிக்கொள்வது, வலி, நீர்ச்சத்துக் குறைவு, மருந்து, தூக்கமின்மை எல்லாமே காரணமாகலாம். காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதனால் 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விடாமல், 'நேற்று இப்படி இல்லை, இன்று மாறியிருக்கிறார்' என்று எங்களிடம் சொல்லுங்கள். அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும், நாங்கள் அவரை நோயாளியாக மட்டுமே பார்த்திருக்கிறோம்.

கூச்சல் போடாத டெலிரியமும் உண்டு. சும்மா தூங்கிக்கொண்டே, கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிக்கொண்டு கிடப்பார். 'அமைதியாக இருக்கிறார்' என்று எல்லோரும் நினைப்போம். இது இன்னும் எளிதில் தவறவிடப்படும் வகை.

மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். 'தொலைந்துவிடும்' என்று பெட்டியில் பூட்டி வைப்பதால் அவர் பாதி உலகத்தை இழக்கிறார். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வர விடுங்கள், இரவில் மங்கலான ஒரு விளக்கு போதும். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், ஏன் வந்திருக்கிறோம் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டிருங்கள். 'வீட்டுக்குப் போகணும்' என்றால் வாதாடாதீர்கள். வீட்டைப் பற்றியே பேசுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு மெல்லக் கேளுங்கள்: 'ஒன்றுக்குப் போகணுமா? எங்கேயாவது வலிக்குதா?' அந்த ஓட்டத்துக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். அமெரிக்காவில் ஷரன் இனூயி குழுவினர் கண்ணாடி, காது கருவி, தூக்கம், தண்ணீர், நடமாட்டம் போன்ற எளிய விஷயங்களைக் கவனித்தே, டெலிரியம் வருவோர் எண்ணிக்கையை 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைத்துக் காட்டினார்கள். அது 1999-இல் வெளியானது. இதில் குடும்பத்தால் செய்ய முடியாதது எதுவும் இல்லை.

கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டால் போதாதா? கையைக் கட்டினால் என்ன?

எழ முடியாதவர் புரண்டு விழாமல் இருக்கக் கம்பி உதவும். தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போதும் வேண்டும். ஆனால் குழப்பத்தில் இருந்து, எழும் பலமும் உள்ளவருக்குக் கம்பி ஒரு மதில் சுவர் மாதிரி. அவர் அதைத் தாண்டுவார். கட்டில் உயரத்தில் விழ வேண்டியவர் கம்பி உயரத்திலிருந்து, அதுவும் தலை முதலில் விழுவார். கம்பிக்கும் மெத்தைக்கும் இடையில் தலையோ கழுத்தோ சிக்கி உயிர் போனதும் நடந்திருக்கிறது.

கையைக் கட்டுவது என்பதை நான் மனதார எதிர்க்கிறேன். கட்டினால் விழுவது குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. திமிறுவதால் காயம், குழப்பம் அதிகமாவது, படுக்கைப் புண், இவை நிச்சயம். தன் மகன் பார்த்துக்கொண்டிருக்கக் கை கட்டப்பட்ட ஒருவரின் முகத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை மறுபடி கேட்க மாட்டார்கள். அதற்குப் பதில் கட்டிலை முடிந்தவரை தாழ்த்தி, சக்கரத்தைப் பூட்டி, செவிலியர் மேசைக்கு அருகில் இடம் கேட்டு, பக்கத்தில் ஆள் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

எழுந்தால் சத்தம் போடும் அலாரம்?

இருந்தால் இருக்கட்டும், அதை நம்பி இருக்காதீர்கள். ஒலிக்கும்போது அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் 16 பிரிவுகளில் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அலாரம் அதிகம் பயன்படுத்திய பிரிவுகளில் விழுவது குறையவில்லை.

எதற்கு வம்பு, குணமாகும்வரை படுக்கையிலேயே இருக்கட்டுமே?

மிகுந்த அன்பினால் கேட்கப்படும் கேள்வி இது. அதிகக் கெடுதலும் இதிலிருந்தே வருகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள முதியவர்களை, சராசரி வயது 67, பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்து அளந்து பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்தது, முட்டியை நீட்டும் பலம் 16 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான ஆய்வு. நோய் எதுவும் இல்லாதவர்களுக்கே இந்த இழப்பு. காய்ச்சலோடு, அரை வயிறு சாப்பாட்டோடு படுத்திருப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

படுக்க வைத்து, அவர் விழுவதைத் தள்ளிப்போடத்தான் செய்கிறோம். பத்தாம் நாள் அவர் எழுந்து நிற்கும்போது அந்தக் கால்கள் அவருடைய பழைய கால்களாக இருக்காது.

மருத்துவர் தடை சொல்லாதவரை, சாப்பாடு ஒவ்வொரு வேளையும் நாற்காலியில் உட்கார்ந்து. கழிவறைக்கு ஆள் துணையோடு நடந்து. வராந்தாவில் காலை ஒரு நடை, மாலை ஒரு நடை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை ஐந்து முறை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. பிசியோதெரபிஸ்ட் வந்தாரா என்று கேளுங்கள், வராவிட்டால் அனுப்பச் சொல்லுங்கள். அதேபோல், தேவை முடிந்த டிரிப்ஸ் ஊசியும் சிறுநீர்க் குழாயும் இன்னும் இருக்கிறதா என்று தினம் கேளுங்கள். அவை காலுக்குப் போட்ட விலங்கு.

எந்தச் செருப்பு? வாக்கர் தேவையா?

பின்பக்கம் மூடிய, வழுக்காத அடியுள்ள, அளவான செருப்பு. வெறும் சாக்ஸோடும், ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் இறுக்கமான காலுறையோடும் வழுவழுத் தரையில் நடக்கவே கூடாது. உடை கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும்.

வீட்டில் வைத்திருந்த கைத்தடியையோ வாக்கரையோ கொண்டுவாருங்கள், கட்டிலில் இருந்தபடி எட்டும் இடத்தில் வையுங்கள். நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வர வேண்டும். டிரிப்ஸ் ஸ்டாண்டைக் கைத்தடியாக்கிக்கொள்வதைப் பலரும் செய்கிறார்கள். அது உருளும், தாங்காது.

தடுமாறும்போது எப்படிப் பிடிப்பது?

அவருடைய பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி நடங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் விலகிவிடும். சரிந்து போகிறார் என்றால் முழு எடையையும் தாங்கி நிறுத்த முயல வேண்டாம், இருவரும் சேர்ந்து விழுவீர்கள். அவர் உங்கள் உடம்போடு ஒட்டிச் சரியும்படி விட்டு, தலை இடிக்காமல் பார்த்து, மெல்லத் தரையில் அமர்த்துங்கள்.

விழுந்துவிட்டார். உடனே தூக்கிக் கட்டிலில் போடலாமா?

கூடாது. ஓடிவந்து இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதுதான் எல்லோருக்கும் தோன்றும். முறிந்த எலும்பு அப்போதுதான் விலகும். அவர் பக்கத்தில் தரையில் உட்காருங்கள், உரக்கக் கூப்பிட்டு உதவி கேளுங்கள், அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், மேலே ஒரு போர்வை போர்த்துங்கள். 'நான் இருக்கிறேன்' என்று சொல்லுங்கள். அவருக்கு அந்த நேரம் வலியைவிட அவமானமே பெரிதாக இருக்கும். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

மருத்துவரோ செவிலியரோ தலை, கழுத்து, முதுகு, இடுப்பு என்று பார்த்த பிறகே எழுப்ப வேண்டும். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். எல்லா முறிவும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. நடக்கிறார், ஆனால் தொடை இடுக்கில் வலி என்கிறார் என்றால் விடாமல் சொல்லுங்கள். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத விரிசல் சி.டி.யிலோ எம்.ஆர்.ஐ.யிலோ தெரிவதுண்டு.

தலை லேசாகத்தான் இடித்தது என்கிறார். கவலைப்பட வேண்டுமா?

ஆம், குறிப்பாக ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின், அபிக்சபான் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எடுத்துக்கொள்பவர் என்றால். இதை வாய்விட்டு மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். தலைவலி கூடுவது, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், புதிய குழப்பம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே கூப்பிடுங்கள். மெல்லக் கசியும் ரத்தம் வாரங்கள் கழித்துத் தொல்லை தருவதும் உண்டு. வீட்டுக்குப் போன பிறகு ஒரு மாதம் கழித்து நடையோ பேச்சோ மாறினால், 'ஆஸ்பத்திரியில் விழுந்தார்' என்பதை அங்கே பார்க்கும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

எங்களால் யாரும் கூடத் தங்க முடியாது. என்ன செய்வது?

அதற்காக மனம் நொந்துகொள்ளாதீர்கள். கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கழிவறைக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள், கண்ணாடி, தண்ணீர், மணி, யூரின் கேன் எல்லாம் கைக்கு எட்டுகிறதா, கட்டில் தாழ்ந்திருக்கிறதா, தரையில் ஒயரோ ஈரமோ இல்லையா என்று பாருங்கள். பிறகு பொறுப்பிலுள்ள செவிலியரிடம் அவருடைய பழக்கத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்: 'அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுவாங்க, கூப்பிட மாட்டாங்க.' இந்த ஒரு வரி எந்தக் கேஸ் ஷீட்டிலும் இருக்காது. தெரிந்தால் ஒன்றேமுக்காலுக்கு நாங்களே போய் எழுப்புவோம். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் 14 வார்டுகளில் நோயாளி, குடும்பம், செவிலியர் மூவரும் சேர்ந்து இப்படித் திட்டம் போட்டு, அதைக் கட்டிலருகே எழுதி ஒட்டினார்கள். விழுவது 15 சதவீதமும், காயத்தோடு விழுவது 34 சதவீதமும் குறைந்ததாக 2020-இல் வெளியிட்டார்கள்.

ஒருமுறை விழுந்த பிறகு அப்பா நடக்கவே பயப்படுகிறார். வற்புறுத்தலாமா?

அந்தப் பயம் நியாயமானது, அதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். ஆனால் பயந்து உட்கார்ந்தே இருந்தால் கால் இன்னும் தளர்ந்து, அடுத்த முறை விழும் வாய்ப்பு கூடும். வீட்டுக்குப் போன முதல் சில வாரங்களும் ஆபத்தானவை. அதனால் இங்கே இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

முதல் நாள் கட்டிலோரம் நின்று பத்து எண்ணட்டும், பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். மறுநாள் ஜன்னல் வரை. எங்கே விழுந்தாரோ அந்த இடத்துக்கு ஒருநாள் இரண்டு பேர் துணையோடு கூட்டிப் போங்கள், அங்கே சுவரைப் பிடித்துக் கொஞ்சம் நிற்கட்டும். எங்கள் வார்டில் ஒரு பெரியவர் கழிவறை வாசலைப் பார்த்தாலே நடுங்குவார். அவர் மனைவி நான்கு நாள் அவர் கூடவே அந்த வாசல் வரை நடந்தார், உள்ளே போகச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அவரே மணி அடித்து, 'வாங்கம்மா, போய்ட்டு வந்துடலாம்' என்றார்.